ட்ரையர் அடுப்பில் வெந்த கேக்

ஓட்ஸ் என்றால் சர்க்கரை வியாதிக்காரர்களின் சாப்பாடு என்றுதான் தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் நினைத்திருந்தோம். சூரியநெல்லியில் ஒரே ஒரு கடையில்தான் அது கிடைக்கும். அதை வாங்கிக்கொண்டு போகிறவரைப் பார்த்தால், இவருக்கும் வந்துவிட்டதா என்று இரக்கத்தோடு வழிவிடுவார்கள். அதனால் கனடாவிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய பையைப் பிரித்து, உள்ளே இருந்து ஒரு பெரிய டின் ஓட்ஸை வெளியே எடுத்தபோது, அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏல தம்பி, அவளுக்கு என்னமும் சீக்கா? நம்மட்ட மறைக்காளா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா பைக்குள் கையை விட்டு அடுத்த சாமானைத் தேடிக்கொண்டிருந்தார்.

அம்மா நர்ஸ். நான் ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போது கனடாவுக்குப் போய், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எஸ்டேட் லயத்திலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் என்று பாதிரியார் பிரசங்கத்திலேயே சொன்னார். அதன் பிறகு நான் அத்தை கையில் சாப்பிட்டு, அப்பா கையில் சடை பின்னிக்கொண்டு வளர்ந்தேன். அப்பா பின்னிய சடை பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அவிழ்ந்துவிடும்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று அம்மாவே போனில் சொன்னாள். அப்பா வீட்டுக்கு வெள்ளையடித்தார். புது ஜமுக்காளம் வந்தது. வாசலில் எல்லோருக்கும் முன்பாக எங்கள் வீட்டு நட்சத்திரம் தொங்கியது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் தொடங்கும் முன்பே தொங்கவிட்டதற்குக் கோவில் உபதேசியார் கோபித்துக்கொண்டார். ஆனால், காரணம் தெரிந்ததும் அவரே ஏணியில் ஏறி வயரைச் சரிசெய்து கொடுத்தார்.

ஆகையால், பண்டிகைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, மாமா ஜீப்பை எடுத்துக்கொண்டு அடிமாலிக்குப் போகிறார் என்றதும் அம்மாவைக் கூட்டிவரத்தான் போகிறார் என்று நான் முடிவு செய்துவிட்டேன். மாமா அம்மாவின் தம்பி. டூரிஸ்டுகளைக் கொழுக்குமலைக்கு ஏற்றிப் போகிற ஜீப் அவருடையது. யாரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை, நானாகத்தான் நினைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஜீப் திரும்பி வரும் வளைவில் போய் நின்றேன். பனிமஞ்சு இறங்கி, முகம் ஈரமாகும்வரை நின்றேன். ஜீப் வந்தது. முன் இருக்கையில் ஒரு பை உட்கார்ந்திருந்தது. அம்மாவோடு வேலை செய்யும் அடிமாலிக்கார அக்கா லீவில் வந்திருந்தாள். அவளிடம் கொடுத்தனுப்பிய பை அது.

"அம்மா எங்க?"

மாமா என்னைப் பார்க்காமல் பையைத் தூக்கினார். "உங்க அப்பாட்ட கேளு பாப்பா."

அப்பாவிடம் கேட்டேன். அவர் பையைக் கட்டிலில் வைத்து, அதன் ஜிப்பை மெதுவாக இழுத்துக்கொண்டே சொன்னார்: "சாமான முன்னால அனுப்பிருக்கா. ஆளு பின்னால வருவா."

எனக்கு அது மிகவும் நியாயமாகத் தெரிந்தது. இவ்வளவு சாமானையும் தூக்கிக்கொண்டு ஒருத்தி எப்படி விமானம் ஏறுவாள்? எனக்கு ஒரு ஸ்வெட்டர், அத்தைக்குக் கம்பளி சாக்ஸ், அப்பாவுக்குச் சவரம் செய்யும் மெஷின், அந்த ஓட்ஸ் டின். கடைசியாக, துணியில் சுற்றிய ஒரு பாட்டில். பாட்டிலே ஒரு இலையின் வடிவத்தில் இருந்தது. உள்ளே தேன் நிறத்தில், தேனைவிட இளகலாக ஏதோ ஒன்று.

"இருமல் மருந்து" என்றாள் அத்தை.

"மேப்பிள் சிரப்பு" என்றார் மாமா. டூரிஸ்டுகளோடு பழகுவதால் உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. "அங்க மேப்பிள்னு ஒரு மரம். தூர்ல துளை போட்டுச் சாறு எறக்கி, வத்தக் காய்ச்சி எடுக்காங்க."

"மரத்துச் சாறக் காய்ச்சுனா அது கருப்பட்டிப் பாகுல்லா? இதக் கொண்டாரதுக்கு ஏரோப்பிளேனா?"

அத்தையைக் கட்டிக்கொடுத்தது திருச்செந்தூர்ப் பக்கம். பனங்காட்டில் சில வருஷம் வாழ்ந்துவிட்டு மறுபடி மலைக்கே வந்தவள். பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாள். கண்ணை மூடினாள். இன்னொரு சொட்டு விட்டு நக்கினாள். பிறகு தீர்ப்புச் சொன்னாள்: "கருப்பட்டிதான். ஆனா, காலேசுல படிச்ச கருப்பட்டி."

அன்று ராத்திரியே அத்தை இருமலுக்கென்று ஒரு கரண்டி எடுத்துக்கொண்டாள். மறுநாள் மாமா பரோட்டாவில் ஊற்றிப் பார்த்தார். இப்படியே போனால் அம்மா வருவதற்குள் பாட்டில் காலியாகிவிடும் என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் பாட்டிலை எடுத்து, ஜெபப் புத்தகங்கள் வைக்கிற மேல்தட்டில் வைத்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"உங்கம்மா அங்க ஞாயித்துக்கிழம ஆனா இந்தப் பாகையும் ஓட்ஸையும் போட்டு ஒரு கேக் செய்வாளாம். அந்த வயசானவங்களுக்குப் பல்லு இல்லன்னாலும் சப்பிச் சப்பித் தின்பாங்களாம். அவ வாரதுக்குள்ள நாம அதச் செஞ்சு பழகிருவமா?"

அப்பாவுக்குத் தெரிந்த சமையல் கஞ்சியும் கருவாடும்தான். அவர் கேக் செய்யப்போகிறேன் என்றதே எனக்கு ஒரு பண்டிகை. அதன் பிறகு பண்டிகைவரை என் பேச்சு எல்லாம் கேக்கைப் பற்றித்தான். அம்மா எப்போது வருவாள் என்று கேட்பதைக்கூட மறந்துபோனேன்.

போன் சிக்னல் எங்கள் லயத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும். அப்பா அங்கே நின்று அம்மா சொல்வதை ஒவ்வொன்றாகச் சத்தமாகத் திருப்பிச் சொல்வார். நான் மனப்பாடம் செய்யவேண்டும். "ஓட்ஸ் ரெண்டு கப்பு. பாகு அரைக் கப்பு. வெண்ணெய் உருக்கி ஊத்தணும். பட்டைத்தூள் ஒரு சிட்டிகை. முட்டை..." என்றபோது லைன் அறுந்துவிட்டது. முட்டை வேண்டுமா, வேண்டாமா என்பது தெரியாமல் போயிற்று. வேண்டும் என்றால் ஏன் கடைசியில் சொல்லப்போகிறாள் என்று அத்தை வாதாடினாள். முட்டை இல்லாமலே முதல் கேக்கைத் தொடங்கினோம்.

ஓவன் என்பதை நாங்கள் கண்ணால் கண்டதில்லை. குக்கரில் மணலைப் போட்டுச் சூடாக்கி, அதற்குள் பாத்திரத்தை வைத்துச் சுடலாம் என்று மாமா எங்கோ கேள்விப்பட்டு வந்தார். ஓடையிலிருந்து மணல் அள்ளிக் கழுவிக் காயவைத்தோம். கேக் அடியில் கரிந்து, மேலே கூழாக இருந்தது. நடுவில் கொஞ்சம் மணலும் இருந்தது. அந்தப் புகை நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டார் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

"கேக்காம்" என்று அத்தை எல்லாருக்கும் அறிவித்தாள்.

இரண்டாவது முறை அத்தை பொறுப்பை ஏற்றுக்கொண்டாள். சுடுவது வெள்ளைக்காரன் பழக்கம், அவிப்பதுதான் உடம்புக்கு நல்லது என்று சொல்லி, அத்தனையையும் இட்லிச் சட்டியில் ஊற்றி அவித்தாள். வந்தது ஒரு களி. ருசியாகத்தான் இருந்தது, நான் மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். ஆனால், கேக் என்று சொல்லி அதை ஒரு தட்டில் நிறுத்த முடியாது. பாட்டிலில் பாகு அடியில் இறங்கிவிட்டது. இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் வரும் என்று அப்பா பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

அப்பாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. கொழுந்து அரைபட்டு, காற்றுப் பட்டுப் பழுத்து வந்தபின் அதைக் காயவைக்கிற ட்ரையருக்குக் கீழே பெரிய விறகு அடுப்பு உண்டு. அதற்கு விறகு தள்ளுவது அப்பா. அடுப்புக்கு அடியில் சாம்பல் விழும் குழிக்கு ஒரு இரும்புக் கதவு இருக்கும். குளிர்காலத்தில் அங்கே வேலை செய்கிறவர்கள் அந்தச் சாம்பலில் மரச்சீனிக் கிழங்கைப் புதைத்துச் சுட்டுத் தின்பார்கள். கிழங்கு கரியாமல் பஞ்சு மாதிரி வேகும் என்றால் கேக் வேகாதா?

ஆனால், கிழங்கு வேறு, கேக் வேறு. ஃபேக்டரிக்குள் வாசனை ஆகாது. தேயிலை எந்த மணத்தையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் பவுடர் போட்டவர்களைக்கூடச் சலிக்கும் அறைக்குள் விடமாட்டார்கள். ஃபேக்டரியில் எல்லாவற்றுக்கும் மேலாக டீ மேக்கர் என்றொருவர் இருந்தார். தொடுபுழைக்காரர், பாதி மலையாளத்தில்தான் பேசுவார். அவருடைய மூக்கை எண்ணி எல்லோரும் பயப்படுவார்கள். யார் பீடி குடித்துவிட்டு வந்தார்கள் என்பதை வாசலில் நின்றே சொல்லிவிடுவார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், அத்தை கலக்கிக் கொடுத்த மாவை அப்பாவின் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு நான் ஃபேக்டரிக்குப் போனேன். இந்த முறை முட்டையும் சேர்த்திருந்தது. அம்மாவிடம் கேட்டுத் தெளிந்துவிட்டோம். முட்டை வேண்டும் என்றுதான் முதலிலேயே சொல்லவந்தாளாம். அத்தை என்னை வழியனுப்பும்போது, "பாத்துப் போ. இந்த வாசனைக்கு ஆனை எறங்கிரும்" என்றாள். வேடிக்கைக்குச் சொன்னாளோ நிஜமாகச் சொன்னாளோ, நான் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன்.

கேட்டில் வாட்ச்மேன் தூக்குவாளியைப் பார்த்தார். "என்ன கறி இன்னைக்கு?"

"மீனு" என்றேன்.

"மணமே இல்லையே."

"செத்த மீனு" என்றேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே விட்டார்.

அப்பா அடுப்படியில் தனியாக இருந்தார். வெண்ணெய் தடவிய அலுமினியச் சட்டியில் மாவை ஊற்றி, மூடி போட்டு, சாம்பல் குழிக்குள் இரண்டு செங்கல்லின் மேல் வைத்துக் கதவைச் சாத்தினார். கனலின் சிவப்பு அவர் முகத்தில் விழுந்தது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, அவ்வப்போது விறகைத் தள்ளிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. வெண்ணெயும் பட்டையும் அந்தப் பாகும் சேர்ந்த வாசனை. முதலில் லேசாக, பிறகு அடுப்படி முழுக்க. எனக்கு நாக்கு ஊறியது. அப்பாவுக்கு வேர்த்தது. அவர் சன்னலைத் திறந்துவிட்டுச் சாக்கால் விசிறினார்.

டீ மேக்கர் எப்போது வந்தார் என்று தெரியாது. முதலில் அவர் எங்களிடம் வரவில்லை. ட்ரையரின் வாயிலிருந்து சூடான தேயிலையை ஒரு பிடி அள்ளி, ஊதி, மூக்கருகே கொண்டுபோனார். மறுபடியும் அள்ளினார். முகம் இறுகியது. ட்ரையரை நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கினார்.

அப்பா ஓடிப்போய் முன்னால் நின்றார்.

"சார், தேயிலையில ஒண்ணும் இல்ல சார். என் தப்பு சார். அடுப்படியில வாங்க."

அவர் வந்தார். என்னைப் பார்த்தார். மூடியிருந்த இரும்புக் கதவைப் பார்த்தார்.

"எந்தாடோ இது? வேற மணம் கேறினா இந்த லாட்டுத் தேயில முழுக்கப் போச்சு. அறியுமோ நினக்கு?"

"தெரியும் சார்."

"பின்னே?"

அப்பா குனிந்து கதவைத் திறந்து காட்டினார். "கேக் சார். பெஞ்சாதி கனடாவுலேருந்து பாகு குடுத்து விட்டிருக்கா. வீட்டுல வச்சு வரல."

இனி அப்பாவுக்கு வேலை போய்விடும் என்று பயந்தேன். டீ மேக்கர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தச் சட்டியையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மா வந்நோ மோளே?"

அவரை எப்படியாவது குளிர்விக்க வேண்டும் என்று நான் எழுந்து நின்று, உரக்கச் சொன்னேன்: "நாளைக்கு வாராங்க சார். அவங்களுக்குத்தான் இந்தக் கேக்."

டீ மேக்கர் அப்பாவை நோக்கினார். "ஏர்போர்ட்டு போகணும்னு கேட்ட லீவு, நீதன்னே வந்து வேண்டான்னு..." என்று தொடங்கினார்.

அப்பா தலையை நிமிர்த்தி அவரை ஒரே ஒரு தடவை பார்த்தார்.

டீ மேக்கர் நிறுத்திக்கொண்டார். சட்டென்று வேறு ஏதோ ஞாபகம் வந்தவர் போலத் தொண்டையைச் செருமினார். எத்தனையோ பேரை நடுங்கவைத்த அந்த மூக்கை ஒருமுறை தேய்த்துக்கொண்டார்.

"எடுத்து வைடோ. கரிஞ்ஞு போகும்" என்றார்.

கேக் நன்றாக வெந்திருந்தது. மேலே பொன்னிறம், ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு. தட்டில் கவிழ்த்ததும் உடையாமல் நின்றது. ஓட்ஸ் பாகில் ஊறி ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, விண்டால் நூல் போலப் பிரிந்தது. லேசாக விறகுப் புகை மணமும் தேயிலை மணமும் இருந்தன. டீ மேக்கர் நின்றபடியே ஒரு துண்டைத் தின்றார். "சாயக்குக் கொள்ளாம்" என்றார். டீயோடு சேர்த்துச் சாப்பிட நன்றாக இருக்கும் என்று அர்த்தம். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு பாராட்டை யாரும் கேட்டதில்லை. போகும்போது என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். வேலை போகவில்லை. கேக்கின் ருசிதான் எங்களைக் காப்பாற்றியது என்று நான் நம்பினேன். பல வருஷம் அப்படித்தான் எல்லோரிடமும் கதை சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கதையைத் திருத்தியது அம்மா. அவள் அந்த வருஷம் வரவில்லை. அதற்கு அடுத்த வருஷமும் இல்லை. அதற்கும் பிறகு வந்தாள், போனாள், வந்தாள். இப்போது நிரந்தரமாகவே வந்துவிட்டாள். நான் பாலக்காட்டில் வேலை பார்க்கிறேன். அம்மாவும் அப்பாவும் என்னோடு இருக்கிறார்கள். வீட்டில் ஓவன் இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அதே கேக்குக்கு ஓட்ஸை அளந்துகொண்டிருந்தபோது, டீ மேக்கர் கதையை நான் மறுபடி ஆரம்பித்தேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்கு லீவு கிடைக்கலன்னுதான உங்கப்பா உன்கிட்ட சொன்னாரு? கிடைச்சிருந்துச்சு. அங்கயே நிரந்தரமாத் தங்குறதுக்கு எழுதிக் குடுத்திருந்தேன். அந்த நேரம் வெளிய போனா திரும்ப உள்ள விடுவாங்களோ என்னமோன்னு எல்லாரும் பயங்காட்டுனாங்க. நான், 'போனா போகட்டும், பிள்ளையப் பாக்கணும், வாரேன்'னு சொன்னேன். உங்கப்பாதான் 'வராத'ன்னாரு. 'நாம ரெண்டு பேரும் இந்த மலையிலயே கெடந்தாச்சு, பிள்ளையாவது படிச்சு எறங்கட்டும்'னாரு. அதுக்கப்புறம்தான் அந்தப் பையக் குடுத்தனுப்பிச்சேன்."

அப்பா கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவது அவர் காதில் விழுந்திருக்கும். பேப்பரின் பக்கம் புரளவே இல்லை.

ஆக, வெள்ளையடித்த வீட்டுக்குள் அந்தப் பையின் ஜிப்பை மெதுவாக இழுத்தபோதே அவருக்கு எல்லாம் தெரியும். மணல் கழுவியபோதும், அத்தையின் களியை மெச்சிச் சாப்பிட்டபோதும், அடுப்பின் முன்னால் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தபோதும் தெரியும். பத்துப் பன்னிரண்டு நாளும் நான் அம்மாவைக் கேட்காமல் இருக்கவேண்டும் என்பதற்காக, கேக் செய்யத் தெரியாத ஒரு மனிதர் கேக் செய்துகொண்டிருந்தார்.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று காலையில் ஆராதனை முடிந்து வந்ததும், அம்மா வரவில்லை என்பதை அப்பா என்னிடம் சொன்னார். லீவு கொடுக்கமாட்டேன் என்றுவிட்டார்களாம். நான் புது ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்துவிட்டு அழுதேன். அத்தை கனடாக்காரர்களைத் திருநெல்வேலித் தமிழில் வைதாள். மத்தியானம் அம்மா போன் செய்யும் நேரம் ஆனது. அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போய், போனை என் காதில் வைத்தார்.

அம்மா ஏன் வரவில்லை என்று கேட்க நினைத்துப் போனவள், "கேக் எப்படிட்டி வந்துச்சு?" என்று அவள் கேட்டதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். செத்த மீனையும் ட்ரையர் அடுப்பையும் டீ மேக்கரையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா அங்கே சிரித்துச் சிரித்துக் கேட்டாள். நடுநடுவே சத்தமே இல்லாமல் போயிற்று. சிக்னல் போய்ப் போய் வருகிறது என்று நினைத்து நான் இன்னும் கத்திச் சொன்னேன். எல்லாம் முடிந்தபிறகு, "போன அப்பாட்ட குடு தங்கம்" என்றாள்.

அப்பா போனை வாங்கிக்கொண்டு தொட்டியின் மறுபக்கம் போனார். நான் இந்தப் பக்கத்தில் கல்லின் மேல் உட்கார்ந்து, மிச்சமிருந்த கேக்கைத் தின்றேன். அவர் முதுகு மட்டும் தெரிந்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. ஒரு கையால் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, நிற்கமாட்டாமல் குலுங்கினார்.

அம்மா என்னிடம் சொல்லாத ஏதோ ஒரு வேடிக்கையை அவரிடம் மட்டும் சொல்லிச் சிரிக்கவைக்கிறாள் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.